சுவருக்குள் இடிச்ச சத்தத்தை நிறுத்தப் போய் ஒன்றரை மாதச் சம்பளம் போச்சு, தயவுசெய்து படிங்க

கை நடுங்க நடுங்கத்தான் எழுதுறேன். பணம் திரும்ப வரும்னு நேத்து ராத்திரி வரைக்கும் நம்பிட்டிருந்தேன். வராதுன்னு இன்னைக்குக் காலையில தெரிஞ்சுபோச்சு. ஒன்றரை மாதச் சம்பளம்! பேரைச் சொல்லலை, வீட்டு வேலைக்கு ஆள் அனுப்புற ஆப்கள்ல ஒண்ணு. நடந்ததைச் சொல்லிட்டு, எதையெல்லாம் கவனிக்கணும்னு கடைசியில விவரமா எழுதுறேன்.

வாஷிங் மெஷின் தண்ணி பிடிச்சு நிறுத்துற ஒவ்வொரு தடவையும் சுவருக்குள்ள டமால்னு ஒரு இடி. அது அம்மா படுக்கிற அறைச் சுவர். இதயத்துக்கு மருந்து சாப்பிடுறவங்க, திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்திடுவாங்க. அதனாலதான் அவசரப்பட்டு ஆள் கூப்பிட்டேன்.

வந்த ஆள் உடனே ஸ்பேனரைத் தூக்கலை. மெஷினை ஓடவிடச் சொல்லி, சுவர்மேல உள்ளங்கையை வச்சுக்கிட்டு நின்னார். இடி கேட்டதும், "இதுக்குப் பேரு வாட்டர் ஹேமர்க்கா. வேகமா வர்ற தண்ணியை மெஷின் வால்வு சட்டுனு அடைக்குது. போக வழியில்லாம திரும்பி இடிக்குது"ன்னார். அம்மாகிட்டப் போய், "இனிமே நிம்மதியாத் தூங்குங்கம்மா, நான் பாத்துக்கறேன்"னார். அங்கதான் நான் விழுந்தேன். எத்தனை பேர் நம்ம அம்மாகிட்ட அப்படிப் பேசுறாங்க?

அவர் சொன்ன காரணம் பொய்யே இல்லை. அதுதான் இன்னும் எரியுது. இரும்புக் குழாய்ல நொடிக்கு 1 மீட்டர் வேகத்துல ஓடுற தண்ணியைச் சட்டுனு நிறுத்தினா, அழுத்தம் ஒரு கணம் 10 பாருக்கு (பார்னா அழுத்தத்தை அளக்கிற அலகு) மேல எகிறும். காரணத்தைச் சரியாச் சொன்ன ஆள் வைத்தியத்தையும் சரியாத்தானே சொல்லுவார்னு நம்பிட்டேன். "உள்ள லைன் முழுக்க வீக்காயிடுச்சு, மாத்தலைன்னா ஒருநாள் வெடிச்சிடும்"னார். "ஆப்ல கட்டினா பொருளுக்கு வாரண்டி போட முடியாதுக்கா, என் நம்பருக்கே அனுப்பிடுங்க"ன்னார். அனுப்பிட்டேன், ஒன்றரை மாதச் சம்பளத்தையும் ஒரே தடவையில.

ரெண்டு நாள் சுவரைக் கொத்தினாங்க. புது பைப் போட்டாங்க. பூச்சு வேலைக்கு நாளைக்கு வர்றோம்னு போனவங்க வரவே இல்லை. அன்னைக்கு ராத்திரி மெஷினைப் போட்டேன். அதே டமால், முன்னைவிடச் சத்தமா!

போன் பண்ணினா "சைட்ல இருக்கேன்க்கா". மறுநாள், "புது பைப் செட்டாக ஒரு வாரம் ஆகும்". பைப்ல செட்டாக என்ன இருக்கு? அதுக்கப்புறம் என் நம்பரையே பிளாக் பண்ணிட்டார். ஆப்ல புகார் கொடுத்தா "உங்கள் வேலை நிறைவடைந்தது"ன்னு மூடிட்டாங்க. மறுபடி திறந்தேன், மறுபடி மூடினாங்க. நாலாவது தடவை ஒரு பொண்ணு பேசினாங்க. "வெளியில கட்டின பணத்துக்கு நாங்க பொறுப்பில்லை மேடம்." அப்போ ஆளை அனுப்பினது யாரு?

கூட வேலை பாக்கிறவங்க சொல்லி இன்னைக்கு ஒரு பெரியவர் வந்து பாத்தார். கொத்தின சுவருக்குள்ள புது பைப் ஒரு கிளாம்ப்கூட இல்லாம தொங்கிட்டிருந்தது. தண்ணி இடிக்கிறப்பெல்லாம் அதுவும் செங்கல்ல போய் மோதுது. கிளாம்ப் போட்டு இறுக்கினார். மெஷினுக்குத் தண்ணி வர்ற இடத்துல அரெஸ்டர்னு சின்னதா ஒரு உருளையை மாட்டினார். உள்ள அடைச்ச காற்றும் ஒரு பிஸ்டனும் இருக்கு. தண்ணி வந்து மோதினா காற்று சுருங்கி அந்த அதிர்ச்சியை வாங்கிக்குது. அரை மணி நேரம்கூட ஆகலை. சத்தம் நின்னுபோச்சு. "இதுக்கா சுவரை உடைச்சாங்க?"ன்னு கேட்டார். எனக்கு அழுகை வந்திடுச்சு.

விவரமா எழுதறதா சொன்னேன், இப்போ முடியலை. இதை மட்டும் மறக்காதீங்க. ஆப்ல வந்த ஆளுக்கு வெளியில பணம் அனுப்பாதீங்க. முழுப் பணத்தையும் முன்னாடியே கொடுக்காதீங்க. இடிக்குதுன்னா சுவரைக் கொத்தறதுக்கு முன்னாடி கிளாம்ப், தண்ணி அழுத்தம், அரெஸ்டர் மூணையும் பாக்கச் சொல்லுங்க. டேப் திறக்கும்போது மட்டும் படபடன்னு அடிச்சா, முதல்ல அந்த டேப்புக்குள்ள இருக்கிற வாஷரை மாத்திப் பாருங்க. சுவரைத் தொடணும்னு யாராவது சொன்னா இன்னொருத்தர்கிட்டயும் கேளுங்க.

அம்மா அறையில சுவர் இன்னும் பிளந்துதான் கிடக்கு, தூசி தாங்காம ஹால்ல படுத்திருக்காங்க. பணம் அனுப்பின ஸ்கிரீன்ஷாட், கால் ரெக்கார்டிங் எல்லாத்தையும் எடுத்து வச்சிட்டேன். நாளைக்குக் காலையில எழுத்துல புகார் கொடுக்கப் போறேன்.