கோளரங்கத்தில் வானியல் நாள்: பகல் சூரியனே முதல் ஈர்ப்பு

அருங்காட்சியகமும் அதை ஒட்டிய கோளரங்கமும் சேர்ந்து நடத்திய இந்தக் குடும்ப வானியல் நாளில், குழந்தைகளை அதிகம் கவர்ந்தது இரவு வானம் அன்று, பகல் சூரியன்தான். முற்றத்தில் இரண்டு தொலைநோக்கிகள் வைத்திருந்தார்கள். ஒன்றில் சூரியப் புள்ளிகள் தெரிந்தன. ஹைட்ரஜன்-ஆல்ஃபா எனப்படும் 656.3 நானோமீட்டர் சிவப்பொளியை மட்டும் உள்ளே விடும் மற்றொன்றில், சூரியனின் விளிம்பிலிருந்து எழும் பிழம்பு வளைவுகள் தெரிந்தன. அப்புள்ளிகள் உண்மையில் கருப்பானவை அல்ல என்றும், ஏறத்தாழ 5,500 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள சுற்றுப்பரப்பைவிட ஆயிரம் டிகிரிக்கும் மேல் குளிர்ந்திருப்பதாலேயே அப்படித் தோன்றுகின்றன என்றும் அங்கிருந்த தன்னார்வலர் விளக்கினார். சூரிய ஒளியைக் குறைக்கும் வடிகட்டியைக் கண் வைக்கும் முனையில் பொருத்தினால் குவிந்த வெப்பத்தில் அது வெடித்துவிடக்கூடும், ஆகவே தொலைநோக்கியின் முகப்பில்தான் பொருத்த வேண்டும் என்பதை ஒவ்வொரு குடும்பத்திடமும் சலிக்காமல் சொன்னதற்காகவே அவரைப் பாராட்டலாம். சிறுவர்கள் ஏறி நின்று பார்க்கப் படிமேடையும் இருந்தது.

கோளரங்கக் குவிமாடத்தில் இருவகைக் காட்சிகள் இருந்தன. ஒருவர் நேரில் நின்று விளக்கிய காட்சி மிகச் சிறப்பு. பகலில் விண்மீன்கள் எங்கே போகின்றன என்று ஒரு சிறுமி கேட்டவுடன், விளக்குநர் குவிமாடத்தின் நீல வானத்திலிருந்து வளிமண்டலத்தை மட்டும் நீக்கிக் காட்ட, சூரியனைச் சுற்றிலும் விண்மீன்கள் வெளிப்பட்டன. பிறகு பார்வையாளர்களை நிலநடுக்கோட்டிலிருந்து வடதுருவம் வரை அழைத்துச் சென்று, துருவ விண்மீன் தொடுவானத்திலிருந்து தலையுச்சிக்கு ஏறுவதைக் காட்டினார். பள்ளிப் பாடத்தில் பல பக்கங்கள் படித்தும் பிடிபடாத ஒன்று அங்கே சில நிமிடங்களில் விளங்கிவிட்டது.

பதிவுசெய்யப்பட்ட படத்தைப் பற்றி இவ்வாறு சொல்ல இயலாது. இரைச்சலான இசை ஒருபுறமிருக்க, சிறுகோள் பட்டையில் பாறைகள் நெருக்கியடித்து மோதிக்கொள்வதாகக் காட்டினார்கள். உண்மையில் அவற்றுக்கிடையே உள்ள வெற்றிடம் மிகப் பெரியது. 1972இல் ஏவப்பட்ட பயனியர் 10 விண்கலம் அப்பட்டையைப் பழுதின்றிக் கடந்தது. அறிவியல் நிறுவனத்தின் வளாகத்தில் திரையிடும் படத்தில் இப்படி ஒரு பிழை இருப்பது ஏற்கத்தக்கதன்று.

அருங்காட்சியகக் கூடத்தில் கோள்களைச் சம இடைவெளியில் தொங்கவிட்டிருப்பதும் தவறான எண்ணத்தையே தரும். நல்ல வேளையாக, தோட்டத்தில் அதற்கு மாற்று இருந்தது. அங்கே ஒரு மீட்டர் விட்டமுள்ள சூரியனிலிருந்து 107 மீட்டர் நடந்தால்தான் 9 மில்லிமீட்டர் பூமியை அடையலாம். அதே அளவீட்டில் நெப்டியூன் மூன்று கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் என்பதைப் பூமிக்கு அருகில் ஒரு பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். நடந்து களைத்த பிள்ளைகள் அதைப் படித்துத் திகைத்தது நியாயமே. உலர்பனியில் வால்மீன் செய்து காட்டியது வழக்கமான ஒன்றுதான். கையில் தூக்கிப் பார்க்கத் தந்த இரும்பு விண்கல்லின் எதிர்பாராத கனம் அதைவிட நினைவில் நிற்கிறது.

மாலை நிகழ்ச்சிக்கு வளர்பிறை அரைநிலா நாளைத் தேர்ந்தது நல்ல முடிவு. முழுநிலாவில் நிழலே விழாமல் தட்டையாகத் தெரியும் பள்ளங்கள், ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டருகே அன்று கூர்மையாகத் தெரிந்தன. ஆனால், வாகன நிறுத்தத்தின் விளக்குகளை அணைக்காமல் விட்டதால் மங்கலான விண்மீன் கூட்டங்கள் எதுவும் எடுபடவில்லை. எல்லாத் தொலைநோக்கிகளையும் நிலாவை நோக்கியே திருப்பியிருந்தும் ஒரே வரிசையில் நிற்கவைத்தது ஏனென்று தெரியவில்லை. சின்னஞ்சிறார் பலர் தங்கள் முறை வருமுன் தோளில் உறங்கிவிட்டனர்.

சிறு குழந்தைகளோடு செல்வோர் முற்பகலிலேயே சென்று, நேரில் விளக்கும் காட்சிக்கு முதலில் இடம் பதிந்துகொள்வது நல்லது. குவிமாடத்தின் பின்வரிசையில் அமர்ந்தால் கழுத்து வலிக்காமல் முழு வானத்தையும் பார்க்கலாம். இருட்டுக்கு அஞ்சும் குழந்தையானால் வாயிலருகே உள்ள ஓர இருக்கையைக் கேட்டுப் பெறுங்கள்.