கிலோ கணக்கில் பனியன் துணி: ஐந்து வருடமாக என் டாப்ஸ் எல்லாம் நானே தைக்கிறேன்

துணியை எடை போட்டு வாங்குவார்கள் என்று ஐந்து வருடம் முன்னால் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். இப்போது வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் காய் வாங்கிவிட்டு அதே கையோடு லாங் பஜார் பக்கம் போய், "அண்ணே, அந்த நீலம் ஒன்றேகால் கிலோ நிறுங்க" என்று கேட்கிறேன்.

2020 ஊரடங்கில் ஆரம்பித்தது. இதுவரை 41 டாப்ஸ். எல்லாமே எனக்குத்தான், லெகிங்ஸுக்கோ ஜீன்ஸுக்கோ மேலே போடுகிற சாதாரண டாப்ஸ். ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டுத் துணியை நோட்டில் ஒட்டி, என்ன ஊசி, எந்த மாதம் தைத்தேன், துவைத்துத் துவைத்து என்ன ஆச்சு என்று பக்கத்தில் எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு, அதனால் இதில் சொல்கிறதெல்லாம் அந்த நோட்டைப் பார்த்துத்தான்.

வீட்டில் அப்போது இருந்தது அம்மாவின் கால் மிஷின், எங்க நைனா வாங்கித் தந்தது. ஜாக்கெட், தலையணை உறை, பாவாடை எல்லாம் அதில் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் நேர்த்தையல் மட்டும்தான் வரும். முதல் டாப்ஸை அதில் தைத்துப் போட்டுக்கொண்டு பாகாயம் பஸ்ஸில் ஏறி மேல் கம்பியைப் பிடித்தேன், அக்குளில் 'டப்' என்று ஒரு சத்தம். துணி கிழியவில்லை, தையல் அறுந்துவிட்டது. துணி இழுத்த இழுப்புக்கு வந்தது, நேராக ஓடிய நூலுக்கு வர இடமில்லை. இறங்கும் வரை கைப்பையைக் கட்டிப் பிடித்தபடியே நின்றேன். அப்புறம்தான் ஜிக்ஜாக் வருகிற ஒரு சின்ன மோட்டார் மிஷின் வாங்கினேன். அகலம் 1, நீளம் 2.5 என்று வைத்தால் பார்வைக்கு நேர்த்தையல் மாதிரியே இருக்கும், ஆனால் நூல் கோணல் கோணலாகப் போவதால் இழுக்கும்போது கொஞ்சம் நிமிர்ந்து கொடுக்கும். பாலியஸ்டர் நூல் போடுங்கள், பருத்தி நூல் இங்கே தாங்காது. கால் மிஷின் மட்டும்தான் இருக்கிறது என்றால் தையலை நீளமாக வைத்து, துணியை முன்னாலும் பின்னாலும் லேசாக இழுத்துப் பிடித்துத் தைக்கலாம், தொளதொள டாப்ஸுக்கு அது போதும். உடம்பைப் பிடிக்கிற மாதிரி தைத்தால் என் பஸ் கதைதான்.

அடுத்தது ஊசி. இதைப் பலரும் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். பனியன் துணி நெய்ததில்லை, பின்னியது. நூல் கண்ணி கண்ணியாகக் கோத்துக்கொண்டு போகிறது. சாதாரணக் கூர் ஊசி அந்த நூலைக் குத்தி அறுத்துவிடும். தைத்த அன்று ஒன்றும் தெரியாது, நாலு துவையலுக்கு அப்புறம் தையலை ஒட்டிக் குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டைகள் வரிசையாகக் கண் திறக்கும். பால் பாயின்ட் ஊசிக்கு முனை மழுங்கலாக இருக்கும், கண்ணியை விலக்கிக்கொண்டு இறங்கும். மெல்லிய துணிக்கு 11, கொஞ்சம் கனமானதற்கு 14. துணியில் லைக்ரா என்கிற இழுபடும் இழை அதிகமாக இருந்து தையல் விட்டு விட்டு விழுந்தால் ஸ்ட்ரெச் ஊசி என்று தனியாகக் கேளுங்கள். என் நோட்டில் முதல் ஏழு டாப்ஸுக்கு நேரே 'ஓட்டை' என்று எழுதியிருக்கிறது, ஏழும் சாதாரண ஊசி.

துணிக்கு வருகிறேன். பணம் போவதும் மிச்சமாவதும் இங்கேதான்.

வேலூருக்கு வருகிற பனியன் துணியில் நிறைய திருப்பூர் சரக்கு, ஏற்றுமதி ஆர்டரில் மிஞ்சியது. காட்பாடியில் ரயில் ஏறி ஒரு தடவை திருப்பூருக்கே போனேன். காதர்பேட்டையில் தைத்த பனியன்கள் குவிந்து கிடந்தன, நான் தேடிப் போன துணிக்குத்தான் சந்து சந்தாக அலைய வேண்டியிருந்தது. ஒரு நாள் கூலியும் டிக்கெட்டும் சேர்த்துப் பார்த்தால் லாபம் பெரிதாக இல்லை, இங்கேயே வாங்கலாம். கணக்கு சுலபம்: 180 ஜி.எஸ்.எம். என்றால் ஒரு சதுர மீட்டர் 180 கிராம், ஒரு கிலோவுக்கு ஐந்தரை சதுர மீட்டர் வரும், குழாயாக வருகிற துணியை வெட்டிப் பிரித்த அகலம் ஒன்றரை மீட்டர் என்றால் நீளம் 3.7 மீட்டர். என் அளவுக்கு மூன்று டாப்ஸ், மிச்சத்தில் கழுத்துப் பட்டிகள். கிலோ 320 ரூபாய்க்கு வாங்கினால் நூல், ஊசி எல்லாம் சேர்த்து ஒன்று 120 ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது. மிஷின் விலையை இதில் சேர்க்கவில்லை, சேர்த்தால் முதல் இரண்டு வருடம் நஷ்டம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடையில் துணியை இழுத்துப் பார்த்து "நல்லா இழுபடுது" என்று சந்தோஷப்பட்டு வாங்கி ஏமாந்தவள் நான். எதுவும் இழுபடும். விட்டதும் பழைய அளவுக்குத் திரும்புகிறதா பாருங்கள். ஒரு சாண் துணியைப் பிடித்து இழுத்து, ஐந்து எண்ணி விட்டுவிட்டு, அந்த இடம் வீங்கின மாதிரி நிற்கிறதா என்று பார்ப்பேன். நின்றால் வைத்துவிட்டு வந்துவிடுவேன். அப்படி வாங்கின ஒன்று முழங்கை பட்ட இடமெல்லாம் பையாகத் தொங்கி, இரண்டே மாதத்தில் தரை துடைக்கப் போனது.

ஒரு கடையில் "நூத்துக்கு நூறு காட்டன்மா" என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து ஒரு நூலை உருவிக் கொளுத்தினால் சுருண்டு, உருகி, கெட்டியான மணியாக நின்றது, பாலியஸ்டர். பருத்தியாக இருந்தால் காகிதம் எரிகிற வாசனை வந்து சாம்பலாக உதிர்ந்திருக்கும். அந்தத் துணியிலும் தைத்தேன், விடவில்லை. நாலு வருடம் ஆச்சு, நிறம் மங்கவில்லை, அளவு மாறவில்லை, ஒரு நூல் பிரியவில்லை. ஆனால் அக்னி நட்சத்திரத்தில் அதைப் போட்டுக்கொண்டு சத்துவாச்சாரி வெயிலில் பத்து நிமிடம் நடந்து பாருங்கள். வியர்வை நாற்றம் துவைத்தாலும் போகாது. மார்கழிக்கு மட்டும் எடுக்கிறேன்.

ரேயான் லைக்ரா இதற்கு நேர் எதிர். போட்டால் சில்லென்று இருக்கும், நன்றாக விழும், எல்லோரும் எங்கே வாங்கினது என்று கேட்பார்கள். ஈரத்தில் கனத்துத் தொங்கும், தொங்கித் தொங்கி நீளும். இடுப்பு வரை தைத்த ஒன்று ஒன்றரை அங்குலம் இறங்கியிருக்கிறது, அக்குள் பக்கம் பொடிப் பொடியாக உருண்டை வேறு. கொடியில் தோளைப் பிடித்துத் தொங்க விடாமல் நடுவில் மடித்துப் போட்டால் கொஞ்சம் தாங்கும்.

என் வாக்கு பருத்தி 95, லைக்ரா 5, எடை 180லிருந்து 200க்குள். இதற்குக் கீழே மெல்லியதாக வாங்கினால் உள்ளே போட்டது தெரியும், சீக்கிரம் ஓட்டையும் விழும். (லைக்ரா என்பது கம்பெனி வைத்த பெயர், இழைக்குப் பெயர் எலாஸ்டேன், 1958ல் அமெரிக்காவில் டூபாண்ட் ஆட்கள் கண்டுபிடித்தது. கடையில் எலாஸ்டேன் என்று கேட்டால் முழிப்பார்கள்.) இந்த இழைக்குச் சூடு ஆகாது. மொட்டைமாடியில் சித்திரை வெயிலில் மதியம் முழுக்கக் காயப்போட்டதில், கறுப்பு டாப்ஸ் ஒன்றில் நரைமுடி மாதிரி வெள்ளை வெள்ளையாக நீட்டிக்கொண்டு வந்தது. பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தேன், வந்துகொண்டே இருந்தது. அறுந்த லைக்ரா அது. இப்போது நிழலில் காயப்போடுகிறேன், இஸ்திரியும் மிதமான சூட்டில்தான்.

வெட்டுவதற்கு முன்னால் துவைத்தே ஆக வேண்டும், நீங்கள் வழக்கமாக எப்படித் துவைப்பீர்களோ அப்படியே. என் துணிகள் நீளத்தில் மீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர் வரை சுருங்கியிருக்கின்றன. துவைத்தால் இன்னொரு வண்டவாளமும் வெளியே வரும், சில மலிவுத் துணிகளில் நூலின் முறுக்கு விலகி துணியே சாய்ந்துவிடும். அதைக் கவனிக்காமல் வெட்டினால் பக்கத் தையல் ஒரு மாதத்தில் வயிற்றுப் பக்கம் நடந்து வந்துவிடும்.

இனி கழுத்து. பத்து டாப்ஸ் வரை என் கழுத்துப் பட்டி பொரித்த அப்பளம் மாதிரி அலையடித்தது. அத்தை பார்த்துவிட்டு "இன்னாம்மா இது, தாமரை இலையாட்டம்" என்றார்கள். காரணம், வெட்டின கழுத்தின் அளவுக்கே பட்டியையும் வெட்டியிருந்தேன். பட்டி குறைவாக இருக்க வேண்டும். கழுத்துச் சுற்று 60 சென்டிமீட்டர் என்றால் பட்டி 51, அதாவது 85 சதவீதம், தையலுக்கு விடுவது தனி. பட்டியை வளையமாக இணைத்து நாலாக மடித்து நாலு இடத்தில் குண்டூசி, கழுத்திலும் அதே மாதிரி நாலு இடம், ஊசிக்கு ஊசி சேர்த்துவிட்டு, பட்டியை மட்டும் இழுத்துக் கொடுத்துத் தைக்க வேண்டும், கழுத்துத் துணியில் கை படக்கூடாது. தைத்து எடுத்ததும் சுருங்கி அசிங்கமாகத்தான் இருக்கும், பயப்படாதீர்கள், நீராவி இஸ்திரி ஒரு தடவை காட்டினால் படிந்துவிடும். துணி அதிகம் இழுபடுகிற அகலவாக்கு, பட்டியின் நீளத்தில் வர வேண்டும், உடம்புச் சுற்றிலும் அப்படித்தான்.

தோள்பட்டைத் தையலோடு மெல்லிய நாடா ஒன்றை வைத்துத் தைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தோள் இறங்கும். கீழ் மடிப்பு அலையடித்தால், துணியை அழுத்திப் பிடிக்கிற மிஷின் பாதத்தின் அழுத்தத்தைத் திருகைத் தளர்த்திக் குறைக்கலாம். அந்தத் திருகு இல்லாத மிஷின் என்றால் துணிக்கு அடியில் தினசரி காலண்டர் தாளைக் கொடுத்துத் தைத்துவிட்டுக் கிழித்து எடுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். ஓரத்துக்கு ஓவர்லாக் அவசியமா என்று கேட்கிறார்கள், பனியன் துணியின் ஓரம் சுருளும், பிசிறாது, அதனால் நான் அடிப்பதில்லை.

காசு கொடுத்தால் எனக்கும் தைத்துத் தருவீர்களா என்று ஆபீசில் இரண்டு பேர் கேட்டார்கள், முடியாது என்றுவிட்டேன். எனக்கு நானே தைக்கும்போது ஒரு பக்கம் அரை அங்குலம் கோணினால் கண்டுகொள்ள மாட்டேன்.

இரட்டை ஊசி மட்டும் இன்னும் வசப்படவில்லை. கடை டாப்ஸ் மாதிரி கீழே இரண்டு வரித் தையல் வரட்டும் என்று மூன்று வாங்கி மூன்றும் உடைந்தன, ஒன்று மூக்குக் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. நாலாவது டப்பாவுக்குள்ளேயே இருக்கிறது.