வானிலைக் கோப்பு: பொறுக்கிய ஆண்டா, ஒட்டிய ஆண்டா, முப்பது ஆண்டுகளுமா?

ஒரு கட்டடத்தின் ஆற்றல் செலவைக் கணினியில் உருவகப்படுத்த, ஆண்டின் 8,760 மணி நேரத்துக்கும் வெப்பநிலை, ஈரப்பதம், சூரியக் கதிர்வீச்சு, காற்றின் வேகம் ஆகியவை தேவைப்படுகின்றன. அவற்றை எந்த ஆண்டிலிருந்து எடுப்பது என்ற முடிவை அண்மையில் நானே எடுக்க வேண்டியிருந்தது. நடந்து முடிந்த ஆண்டுகளுள் ஒன்றைப் பொறுக்குவது, பல ஆண்டுகளின் மாதங்களை ஒட்டி ஒரு வகைமாதிரி ஆண்டைச் செய்வது, முப்பது ஆண்டுகளையும் ஒவ்வொன்றாக ஓட்டுவது என மூன்று வழிகள் இருந்தன. நான் தேர்ந்தது இரண்டாவதை. இந்த அலசலும் அதன் பக்கம் சாய்ந்தே இருக்கும். (எல்லா ஆண்டுகளின் சராசரியை மணிக்கு மணி எடுத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது; மேகமூட்டமான நாளும் தெளிந்த நாளும் கலந்து, எந்நாளும் நிலவாத ஓர் அரைமேக வானமே மிஞ்சும்.)

முதல் வழியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அமெரிக்காவில் 1976-இல் வெளிவந்த சோதனைக் குறிப்பு ஆண்டு முறை, மிக வெப்பமான அல்லது மிகக் குளிர்ந்த மாதங்களைக் கொண்ட ஆண்டுகளை ஒவ்வொன்றாகக் கழித்து, எஞ்சிய ஒன்றை எடுத்துக்கொண்டது. அதனால் இயல்பைவிட மிதமான ஓர் ஆண்டே கையில் கிடைத்தது. கதிர்வீச்சுத் தரவும் அதில் இல்லை.

மூன்றாவது வழி நேர்மையானது என்பதை மறுக்க மாட்டேன். ஆண்டுக்கு ஆண்டு செலவு எவ்வளவு ஏறி இறங்கும் என்பதை அது மட்டுமே காட்டும். ஆனால் நாற்பது வடிவமைப்பு மாற்றுகளை ஒப்பிட முப்பது ஆண்டுகளையும் ஓட்டினால் 1,200 ஓட்டங்களாகும். அதைவிட, முப்பது ஆண்டுப் பதிவுகளில் விடுபட்ட மணிகளை நிரப்புவதே பெரிய வேலை. இறுதி வடிவமைப்புக்கு மட்டும் அதைப் பயன்படுத்தினேன்.

ஒட்டிய ஆண்டுக்கு அடித்தளம் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தின் 1978 முறை. ஒவ்வொரு ஜனவரியின் அன்றாட மதிப்புகளும் எப்படிப் பரவியுள்ளன என்பதை நீண்ட கால ஜனவரிகளின் திரள் பரவலோடு (ஒவ்வொரு மதிப்புக்கும் கீழே எத்தனை விழுக்காடு நாள்கள் விழுகின்றன என்ற கணக்கோடு) ஒப்பிட்டு, இடைவெளி குறைந்த ஐந்தைப் பொறுக்கி, வெப்ப நாள்களும் குளிர் நாள்களும் தொடரும் விதத்தைப் பார்த்து அவற்றுள் ஒன்றை எடுப்பார்கள். பன்னிரண்டு மாதங்களும் இப்படியே தேறும். மாதங்கள் சேருமிடத்தில் சில மணி நேரத்தை மட்டும் இழைத்துவிடுவார்கள்.

முடிவைத் தீர்மானிப்பது இந்த இடைவெளிகளைக் கூட்டும்போது எந்த வானிலைக் கூறுக்கு எவ்வளவு எடை தருகிறோம் என்பதுதான். வாசிப்பவர் பெரும்பாலும் கவனிக்காமல் கடந்துவிடும் வரி இது. சாண்டியா முறை மொத்த எடையில் 24-க்கு 12 பங்கைக் கதிர்வீச்சுக்கும், 4 பங்கை மட்டுமே பனிநிலை வெப்பநிலைக்கும் (காற்றின் ஈரம் பனித்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை; ஈரத்தின் அளவுகோல்) தந்தது. பின்னர் 1961–1990 பதிவுகளைக் கொண்டு வந்த இரண்டாம் பதிப்பில் நேர்க்கதிர் (சிதறாமல் சூரியனிலிருந்து நேரே வரும் கதிர்) தனியே சேர்ந்தாலும், கதிர்வீச்சின் பங்கு பாதியாகவே நின்றது. பனிநிலைக்கு ஐந்தில் ஒரு பங்கு கிடைத்தது. சூரிய வெப்ப அமைப்புக்கு இது பொருந்தும். என் கட்டடமோ நன்கு நிழலிடப்பட்டது, கண்ணாடி குறைந்தது, வெளிக்காற்றை ஏராளமாக உள்ளிழுப்பது; அதன் குளிரூட்டிக்குச் சுமை வெயிலைவிட ஈரத்தால்தான். 2005-இல் வந்த ஐஎஸ்ஓ 15927-4 என்ற சர்வதேசத் தரமோ வெப்பநிலை, கதிர்வீச்சு, ஈரப்பதம் மூன்றையும் சமமாக வரிசைப்படுத்தி, காற்றைக் கடைசித் தேர்வில் மட்டுமே பார்க்கிறது. ஒரே பதிவுகளின் மீது இரண்டையும் ஓட்டியபோது சில மாதங்களுக்கு வெவ்வேறு ஆண்டுகள் தேறின. ஐஎஸ்ஓ கோப்பையே வைத்துக்கொண்டேன். தயாராகக் கிடைக்கும் கோப்பை எடுப்பவரும் இந்த எடைகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அடுத்ததாகப் பதிவுக் காலம். குளிரூட்டல், வெப்பமூட்டல் பொறியாளர்களின் அமெரிக்கச் சங்கமான ஆஷ்ரேயின் முதல் சர்வதேசத் தொகுப்பு 1982–1999 பதிவுகளிலிருந்து வந்தது. அதற்குப் பிந்தைய வெப்பமேற்றம் அதில் இல்லை.

ஒட்டிய ஆண்டில் உச்சங்கள் மழுங்கும். ஆகவே இயந்திரத்தின் கொள்ளளவை இதைக் கொண்டு முடிவு செய்யக் கூடாது. அதற்கு, உச்ச வெப்பத்தையோ குளிரையோ குறிக்கும் வடிவமைப்பு நாள் மதிப்புகள் தனியே உண்டு. எதிர்கால வானிலைக்காக, கோப்பின் மணி மதிப்புகளை நகர்த்தியும் நீட்டியும் மாற்றும் முறையை நான் ஒரே ஒரு கோப்பில்தான் முயன்றிருக்கிறேன். அதில் சராசரி உயர்ந்தது. ஆனால் வெப்ப அலைகள் எத்தனை நாள் நீடிக்கும் என்பது பழைய மாதங்களின் வரிசைப்படியே இருந்தது.