ஹட்டன் ஏத்தத்துல ஆறு வருசம் ஓட்டுன பழைய லீஃப்

2019ல பொங்கல் முடிஞ்ச கையோட எடுத்த வண்டி, 2013 மொடல் நிசான் லீஃப் எலக்ட்ரிக் கார், 24 கிலோவாட் அவர் பேட்டரி. நான் இருக்கிறது இலங்கை மலையகத்துல டிக்கோயா பக்கம், படிப்பிக்கிறது தலவாக்கலையில, போக வர ஒரு நாளைக்கு அம்பது கிலோமீட்டர் ஆகும். மலைக்கு எலக்ட்ரிக் கார் சரி வருமா சேர்னு தெரிஞ்சவங்க எல்லாம் கேட்டுக்கிட்டே இருக்கீங்க, அதான் ஒரேயடியா எழுதிடுறேன்.

ஏத்தம் தான் இந்த வண்டியோட பலம். கியரும் இல்ல கிளட்சும் இல்ல, டெவன் பக்கத்து வளைவுகள்ல பெட்ரோல் கார் எல்லாம் செகண்டுக்கு போட்டு உறுமிக்கிட்டு வர்றப்ப இது நாலு பேரோட சத்தமில்லாம ஏறிடும். இறக்கம் அதவிட நல்லம். கினிகத்தேனை இறங்குறப்ப லிவரை 'பி'ல போட்டா டேஷ்போர்டுல வட்டம் வட்டமா லைட் கூடிக்கிட்டே வரும், மோட்டரே ஜெனரேட்டரா மாறி பேட்டரிக்கு கரண்டை திருப்பி அனுப்புது, பிரேக்கை தொடுற வேலையே கம்மி. ஆறு வருசத்துல நான் பிரேக் பேட் மாத்தல. ஆனா ஒண்ணு, மேல இருந்து இறங்கப் போறீங்கன்னா ஃபுல் சார்ஜ் போடாதீங்க, பேட்டரி நெறஞ்சு இருந்தா திரும்பி வர்ற கரண்டுக்கு இடமில்ல, அந்த வட்டம் வராது, முழு பாரமும் பிரேக்ல தான் விழும். நான் எண்பது வீதத்துல நிப்பாட்டிருவேன்.

சார்ஜிங் வீட்ல தான், ராத்திரி போட்டா காலைல ரெடி. மொத வாரம் பழைய லயத்து (தோட்டத்து வரிசை வீடு) வயரிங்லயே சொருகி, பிளக் கை வைக்க முடியாத அளவுக்கு சுட்டு பிளாஸ்டிக் கருகுன வாடை வந்துருச்சு. 3 கிலோவாட்டை மணிக்கணக்கா அந்த வயர் தாங்காது. மீட்டர்ல இருந்து தனி வயர், தனி ட்ரிப் சுவிட்ச், ஒழுங்கான எர்த், இந்த மூணும் இல்லாம தயவுசெஞ்சு யாரும் சார்ஜ் போடாதீங்க, லயத்துல ஒரு வீட்ல பத்துனா வரிசையே போயிரும்.

2022ஐ சொல்லியே ஆகணும். பெட்ரோல் ஷெட்ல நாள் கணக்கா வரிசை, ஜூன் கடைசில 92 ஒக்டேன் லீட்டர் 470 ரூபாய், அப்ப எங்க தோட்டத்து டிவிசன்ல இருந்து ராத்திரில ரெண்டு பிள்ளைத்தாச்சிகளை டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு இந்த வண்டில தான் கொண்டு போனேன். அதுக்காக அந்த வருசம் சுகமா போச்சுன்னு இல்ல, மார்ச் கடைசில 13 மணித்தியாலம் கரண்ட் கட், எப்ப கரண்ட் வருதோ அப்ப எந்திரிச்சு போயி சொருகணும்.

இனி கஷ்டத்துக்கு வர்றேன். எடுக்கிறப்ப டேஷ்போர்டுல பேட்டரி எவ்வளவு நல்லா இருக்குன்னு காட்டுற கோடு 12ம் இருந்துச்சு, ரெண்டே மாசத்துல 9 ஆயிருச்சு. வித்த கார் சேல்காரங்க அந்த பேட்டரி மீட்டரை ரீசெட் பண்ணி குடுத்திருக்காங்க, கேட்டதுக்கு ஃபோனே எடுக்கல. 2023ல ஒரு நாள் அம்மாவை நுவரெலியா கிளினிக்குக்கு கூட்டிட்டு போறேன், மழை, கண்ணாடி பூத்துருச்சுன்னு ஹீட்டரும் போட்டிருந்தேன், நானுஓயா ஏத்தத்துல 25 வீதம் காட்டிக்கிட்டு இருந்தது சட்டுனு இறங்கி மஞ்சள் ஆமை லைட் வந்துருச்சு. அந்த ஆமை வந்தா வண்டி ஊரும், அவ்வளவு தான். அம்மாவை த்ரீவீல்ல ஏத்தி அனுப்பிட்டு நான் ஒரு கடைல கெஞ்சி பிளக் வாங்குனேன்.

இதுல கம்பனியை குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல, பத்து வருச பேட்டரி. முழு பேட்டரிக்கு கேட்ட விலைக்கு இன்னொரு லீசிங் தான் போடணும். அப்புறம் ஒரு கராஜ் பாஸ் பேட்டரி பெட்டியை இறக்கி, உள்ள இருக்கிற 48 மொடியூலையும் (சில செல்லை சேத்து வச்ச சின்ன கட்டு) ஒண்ணொண்ணா மீட்டர் வச்சு பாத்து, "முழுசா மாத்த தேவல சேர், கெட்டது ரெண்டு தான்"னாரு. அடிபட்ட வண்டில இருந்து எடுத்த ரெண்டை போட்டாரு, முழு பேட்டரிக்கு கேட்டதுல பத்துல ஒரு பங்கு கூட வரல. இன்னைக்கும் அந்த பேட்டரில தான் ஓடுது.

அதனால தான் இப்ப எலக்ட்ரிக் கார்ல நடக்கிற மலிவு விலை போட்டியை பாக்குறப்ப எனக்கு வேற கணக்கு ஓடுது. சீனாவுல வூலிங் மினி 2020ல 28,800 யுவானுக்கு வந்துச்சு, பிவைடி சீகல் 2023ல 73,800 யுவான், இந்தியாவுல டாடா டியாகோ ஈவி 2022ல 8.49 லட்சம் இந்திய ரூபாய். நம்ம நாட்டுல 2020 மார்ச்ல நிப்பாட்டுன வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி 1ல தான் தனியாருக்கு தொறந்துச்சு, அதுவும் மோட்டர் கிலோவாட் கணக்குல வரி, மேல 18 வீதம் வாட்ங்கிற பெறுமதி சேர் வரி, அங்க மலிவா இருக்கிறது இங்க வர்றப்ப மலிவா இருக்காது. சரி, விலையை விடுங்க. அந்த 2020 வூலிங் மினி மோட்டர் 20 கிலோவாட், என் லீஃப் 80. நாலு பேரை வச்சு நானுஓயா ஏறணும்ங்கிறவங்க இந்த ஒரு நம்பரை மொதல்ல பாருங்க. சீகல் 55, அது பரவால்ல, பேட்டரியும் எல்எஃப்பி, நிக்கலும் கோபால்ட்டும் இல்லாதது, கூட தடவை சார்ஜ் தாங்கும்.

ஆனா செலவை குறைக்கிறதுக்கு பிவைடி மாதிரி கம்பனிங்க மொடியூலையே எடுத்துட்டு செல்லை நேரா பெட்டில அடுக்குறாங்க. புதுசா இருக்கிறப்ப பாரமும் கம்மி, விலையும் கம்மி. பத்தாவது வருசம் ஒரு செல் கெட்டா என் கராஜ் பாஸால அத மட்டும் கழட்ட முடியுமா? சம்பளத்துல லீசிங் கட்டுற நமக்கு மலிவுங்கிறது அந்த பதில் தான். போன மாசம் கொழும்புல ஒரு ஷோரூம்ல இதையே கேட்டேன், எட்டு வருச வாரண்டின்னு சொன்னாங்க, ஒம்பதாவது வருசத்தை பத்தி கேட்டதுக்கு பதில் இல்ல.

பதுளை, பண்டாரவளை பக்கம் எல்எஃப்பி வண்டி ஓட்டுறவங்க இருந்தா, ஏத்தத்துல எத்தனை வீதம் இறங்குது, பெட்டியை யாராச்சும் தொறந்து பாத்திருக்காங்களான்னு எழுதுங்க. அடுத்த வருசம் வண்டி மாத்துறதா இல்லையான்னு அதை வச்சு தான் முடிவெடுக்கணும்.