இடுப்பு வலியும் ஒரு கேள்வித் தாளும்: நான்காண்டுப் பயன்பாட்டு அனுபவம்

நான்கு ஆண்டுகளுக்கு முன், இடுப்பில் தொடங்கி இடது கால் கட்டைவிரல் வரை சுண்டி இழுத்த வலிக்காக எம்.ஆர்.ஐ. எடுத்தேன். கீழ்முதுகில் எல்4, எல்5 என்னும் முதுகெலும்புகளுக்கு நடுவே ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துவதாக அறிக்கை வந்தது. முதலில் சென்ற மருத்துவமனையில் அந்த வாரமே அறுவை சிகிச்சை செய்துகொள்ளச் சொன்னார்கள். வேறென்ன கேட்பது என்று தெரியாமல், முன்பணம் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தேன்.

இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர், ஸ்கேன் உறையைப் பிரிக்கும் முன்பே, என் கட்டைவிரலை மேல்நோக்கித் தூக்கச் சொல்லித் தம் விரலால் அழுத்திப் பார்த்தார். விரல் தாழவில்லை. காலில் வலு குறையாததால் யோசிக்க அவகாசம் இருக்கிறது என்று சொல்லி ஒரு தாளைக் கொடுத்தார். காத்திருந்தால் என்ன ஆகும், இந்தச் சிகிச்சையால் எவ்வளவு பயன், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்ற நான்கு கேள்விகளே அதில் இருந்தன.

விடைகளையும் அவரே பொறுமையாகச் சொன்னார். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் வெளியான ஆய்வில், 50 வயதினரில் ஏறத்தாழ 60 சதவீதம் பேருக்கு ஜவ்வுப் புடைப்பு காணப்பட்டது. ஆகவே ஸ்கேனில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணமாகிவிடாது. நெதர்லாந்தில் கடுமையான கால் வலியால் அவதிப்பட்ட 283 பேரிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், விரைவாக அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு வலி சீக்கிரம் தணிந்தது. ஓராண்டு முடிவிலோ அவர்களின் நிலையும் உடனே செய்துகொள்ளாமல் காத்திருந்தவர்களின் நிலையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. காத்திருந்தவர்களில் பத்துக்கு நான்கு பேர் பின்னர் அறுவை சிகிச்சைக்குச் சென்றதையும் அவர் மறைக்கவில்லை. அதையும் சொன்னதால்தான் முன்னர் சொன்னதை நம்பினேன்.

நான் காத்திருந்தேன். முதல் ஆறு வாரம் கடினமாகவே கழிந்தது. படுத்தே கிடக்காமல் முடிந்தவரை நடந்து, பிசியோதெரபியும் செய்ததில், மூன்றாம் மாதம் பேருந்தில் ஒரு மணி நேரம் உட்கார முடிந்தது. மறு ஆண்டு வலி திரும்பியபோது, முதுகில் ஸ்டீராய்டு ஊசி போடலாமா என்பதற்கும் அதே நான்கு கேள்விகளைக் கேட்டேன். சில வாரங்களுக்கு வலி தணியக்கூடும், நீண்டகாலப் பயன் குறைவு என்றார்கள். மகளின் திருமணம் நெருங்கியிருந்ததால், அந்தச் சில வாரங்களே போதுமென்று போட்டுக்கொண்டேன். அத்தானுக்குப் பாதம் வலுவிழந்து தொங்கத் தொடங்கியபோதோ, இதே கேள்விகள் அவரைத் தாமதமின்றி அறுவை சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ள வைத்தன.

தாளில் ஒரு பெருங்குறை உண்டு. சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது கட்டுப்பாடின்றிப் போவது, மலவாயைச் சுற்றி மரத்துப்போவது, கால் வலு இழப்பது ஆகியவை தோன்றினால் அன்றே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும் என்ற எச்சரிக்கை, அடியில் பொடி எழுத்தில் கிடக்கிறது. யாருக்கு நகல் எடுத்துக் கொடுத்தாலும், அந்த வரிகளைச் சிவப்பு மையில் உச்சியில் எழுதித்தான் கொடுக்கிறேன்.