இரட்டையர்: ஒரே வகுப்பா, வேறு வேறு பிரிவா?

மதிப்பெண்ணுக்காகப் பிரிக்க வேண்டியதில்லை. பிரிட்டனிலும் கனடாவின் கியூபெக் மாகாணத்திலும் ஆயிரக்கணக்கான இரட்டையரை ஆராய்ந்து 2018-ல் வெளியான ஆய்வில், சேர்ந்து படித்தவர்களுக்கும் பிரிந்து படித்தவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பார்க்க வேண்டியது பேச்சையும் மனநிலையையும்தான்.

ஒரே வகுப்பு என்றால் முதல் மாத அழுகை குறையும். ஆனால் ஆசிரியை, "இது என்ன நிறம்?" என்று தம்பியைக் கேட்பார், அவன் வாயெடுப்பதற்குள் அண்ணன் "சிவப்பு" என்று முந்திக்கொள்வான். பெரியவர்களின் பேச்சு இருவருக்கும் பங்காகிவிடுவதால் இரட்டையருக்குப் பேச்சு சற்றுத் தாமதமாவது உண்டு; குறைப்பிரசவமும் ஒரு காரணம். அதோடு அண்ணன் முந்திக்கொள்வதும் சேர்ந்தால் அமைதியான பிள்ளைக்குப் பேசிப் பழக வாய்ப்பே இராது. ஆகவே வகுப்பு ஒன்றானாலும் மேசை வேறாக இருக்கட்டும். வீட்டில் தினமும் 15 நிமிடம் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுங்கள்.

வேறு பிரிவில் சொந்தப் பெயரும் சொந்த நண்பர்களும் கிடைப்பார்கள், "அண்ணன் முடிச்சிட்டான், நீ?" என்ற ஒப்பீடு குறையும். ஆனால் 5 வயதிலேயே பிரிக்கப்பட்ட சிலரிடம், குறிப்பாக ஒருகரு இரட்டையரிடம் (ஒரே கருமுட்டையிலிருந்து உருவான, உருவம் ஒத்தவர்கள்), பதற்றமும் ஒதுங்கலும் கூடுதலாகத் தெரிந்திருக்கின்றன.

எங்கள் பரிந்துரை: எல்.கே.ஜி.யில் சேர்ந்தே இருக்கட்டும். ஒருவர் மற்றவருக்காகவே பேசினால், அல்லது போட்டி அழுகையில் முடிந்தால், ஒன்றாம் வகுப்பில் பிரிக்கலாம். அதற்கு முந்தைய விடுமுறையில் வாரம் ஓர் அரைநாள் ஒருவரை மட்டும் பாட்டி வீட்டில் விட்டுப் பழக்குங்கள். வீடு மாறும் ஆண்டில் பிரிக்காதீர்கள்.