தீராத இடுப்புவலிக்கு பிசியோவும் ஆன்லைன் பாடமும்: என் சிட்னி அனுபவம்

மூன்று வருட இடுப்புவலி. முதலில் போன இடத்தில் கரண்ட் வைத்தார்கள், ஒத்தடம் கொடுத்தார்கள், ஸ்கேனைப் பார்த்துவிட்டு டிஸ்க் தேய்ந்துவிட்டது, இனிமேல் குனியாதீர்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து ஷூ லேஸ் கட்டக்கூட மகளைத்தான் கூப்பிட்டேன். வலி மட்டும் குறையவே இல்லை.

இப்போது போகும் பிசியோ முதல் நாள் என்னைப் படுக்கவே சொல்லவில்லை. எதைச் செய்யப் பயம் என்று கேட்டார். கார் டிக்கியிலிருந்து அரிசி மூட்டை எடுக்க, என்றேன். அதை அப்படியே எழுதிக்கொண்டு, மைண்ட்ஸ்பாட் என்ற ஆன்லைன் மனநலச் சேவையின் வலிக்கான பாடத்திட்டத்தில் சேரச் சொன்னார். மக்வாரி பல்கலைக்கழகம் நடத்துவது, அரசு நிதி தருவதால் நமக்குக் கட்டணமில்லை, 8 வாரத்தில் 5 பாடம்.

எனக்குச் சுருக்கென்றது. வலி மனசில்தான் இருக்கிறது என்கிறாரா? இல்லை, வலி உண்மைதான் என்றார். வலியே இல்லாத 50 வயதுக்காரர்களை ஸ்கேன் செய்தாலும் சுமார் 80% பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரியுமாம். மூன்று மாதத்துக்கு மேல் வலி நீடித்தால் நரம்பு மண்டலமே கூடுதல் உஷாராகிவிடலாம் என்று அவர் சொன்னபோது எங்கள் வீட்டு ஸ்மோக் அலாரம்தான் நினைவுக்கு வந்தது, மிளகாய் தாளித்தாலே அலறும், தீ இருக்காது, ஆனால் சத்தம் சத்தம்தானே.

பாடங்கள் நன்றாக இருக்கின்றன. ஆனால் அதை மட்டும் படித்திருந்தால் நான் மாறியிருக்க மாட்டேன். படித்ததை பிசியோ உடம்பில் செய்ய வைத்ததுதான் விஷயம். வலி குறைவான நாளில் தோட்டம் முழுக்கப் புல் வெட்டிவிட்டு மூன்று நாள் படுத்துக்கிடப்பது என் வழக்கம். அதைப் பற்றிப் பாடம் வந்த வாரம், பத்து நிமிடத்துக்கு டைமர் வை, நன்றாக இருந்தாலும் நிறுத்து என்றார்.

அப்புறம் ஒருநாள் தரையில் 5 கிலோ பெட்டி. தூக்குமுன் கேட்டார், பத்துக்கு எவ்வளவு வலிக்கும் என்று நினைக்கிறீர்கள்? எட்டு என்றேன். கை வியர்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினேன். நாலுதான். இரண்டு எண்ணையும் தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கையில் கொடுத்தார், இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறேன்.

தூக்கம் கெட்டு மனசு ரொம்பச் சோர்ந்த சமயத்தில், அது தன் எல்லைக்கு வெளியே என்று சொல்லி ஜிபியை, அதாவது குடும்ப டாக்டரை, பார்க்க அனுப்பினார். அந்த நேர்மை எனக்குப் பெரிய விஷயம்.

குறையும் உண்டு. மாலை நேர அப்பாயின்ட்மெண்ட் லேசில் கிடைக்காது. நாள்பட்ட நோய்க்கு ஜிபி போடும் திட்டத்தில், அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் வருடத்துக்கு 5 முறைதான் பணம் தருகிறது, அதுவும் முழுத்தொகை இல்லை, மிச்சம் நம் கையிலிருந்து போகிறது. இப்படித் தீராத வலிக்கு ஐந்து முறை எந்த மூலைக்கு?

வலி போய்விடவில்லை. போன சனிக்கிழமை பெண்டில் ஹில் கடையில் வாங்கிய 10 கிலோ அரிசி மூட்டையை நானே இறக்கினேன், மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு முழங்கால் வலி, அடுத்த மாதம் இதே பிசியோவிடம்தான் கூட்டிப்போகிறேன். பாடங்களை மட்டும் நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்ல வேண்டியிருக்கும்.